இரண்டு தவணைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில்

கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "முப்பத்தைந்து நாள் வரச் சொல்கிறீர்கள். உள்ளே படுத்திருப்பதோ பத்து நிமிடம். அதிலும் கதிர் பாய்வது சில நிமிடம்தான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடக் கூடாதா?" இவ்வாறு கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், உடன் வந்தவர். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அறை வாடகையையும் பேருந்துக் கட்டணத்தையும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருப்பவர். அவர் கேட்பது நியாயமான கேள்விதான். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறது.

இன்னொரு கேள்வி சற்றுத் தயக்கத்துடன் வரும். "தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் கட்டிக்கு அது பழகிப் போய்விடாதா?" கொசுவர்த்திக்குக் கொசு பழகிப்போவதைப் பார்த்தவர்கள் நாம், இந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. இரு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடைப்பட்ட நேரத்தில், நீங்கள் வீட்டிலோ விடுதி அறையிலோ ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் அந்த இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலான பொழுதில், உடலின் உயிரணுக்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

ஒரு தவணையில் நடப்பது

கதிர்வீச்சின் அளவைக் 'கிரே' என்னும் அலகால் குறிக்கிறோம். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது ஒரு கிரே. வழக்கமான சிகிச்சையில் ஒரு நாளைக்கு 2 கிரே அளவில், வாரத்தில் ஐந்து நாள்கள் தரப்படுகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு 35 தவணைகளில் 70 கிரே என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

2 கிரே என்பது வெப்பமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறினாலும் திசுவின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் உயரும். ஆகவேதான் மேசையில் படுத்திருக்கும்போது சூடோ வலியோ தெரிவதில்லை. நம் ஊர்ப் பக்கங்களில் இச்சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்று சொல்கிறார்கள். அச்சொல்லைக் கேட்டே மின்னதிர்ச்சியை எதிர்பார்த்து நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். கருவிதான் மின்சாரத்தால் இயங்குகிறது. உடலுக்குள் செல்வது மின்சாரம் அன்று; உயர் ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்.

வெப்பமாகப் பார்த்தால் அற்பமான இந்த ஆற்றல், உயிரணுவின் கருவுக்குள் விழும்போது வேறு கதையாகிறது. அங்கே டி.என்.ஏ. இருக்கிறது. அதை இருபுரிக் கயிறாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1 கிரே கதிர்வீச்சு, ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.விலும் சுமார் ஆயிரம் இடங்களில் ஒரு புரியை மட்டும் அறுக்கிறது. 20 முதல் 40 இடங்களில் இரண்டு புரிகளையும் சேர்த்து அறுக்கிறது. ஒரு புரி மட்டும் அறுந்தால் கவலையில்லை. எதிரே இருக்கும் மற்றப் புரியைப் பார்த்து உயிரணு அதைப் பிழையின்றிச் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒருங்கே அறுந்த இடம்தான் ஆபத்தானது. அங்கே கயிறே துண்டாகிவிடுகிறது. பார்த்து எழுத மூலப்படி பக்கத்தில் இல்லை.

முறிவு நேர்ந்த சில நிமிடங்களில் உயிரணு விழித்துக்கொள்கிறது. ஏ.டி.எம். என்னும் புரதம் முறிந்த இடத்தை அறிந்து எச்சரிக்கை எழுப்புகிறது. பி-53 என்னும் இன்னொரு புரதம், "பழுது தீரும்வரை இரண்டாகப் பிரியாதே" என்று உயிரணுவைத் தடுத்து நிறுத்துகிறது. பழுது மிகுதியாக இருந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும் ஆணையிடுகிறது. அதற்குள் வேறு சில புரதங்கள் அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்து இணைக்கின்றன. பெரும்பாலான திசுக்களில் ஓரிரு மணி நேரத்துக்குள் பாதி வேலை முடிகிறது. ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. முதுகுத் தண்டுவடம் போன்ற நரம்புத் திசுக்கள் இன்னும் மெதுவாகவே வேலை செய்யும். டி.என்.ஏ. பழுது பார்க்கும் வழிமுறைகளை ஆராய்ந்தமைக்காகவே தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல உயிரணுக்களுக்கும் புற்று உயிரணுக்களுக்கும் வேறுபாடு வெளிப்படுவது இங்கேதான். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி-53 பழுதாகியிருக்கிறது. நின்று, சரிபார்த்து, பிறகு பிரிவது நல்ல உயிரணுவின் ஒழுங்கு. புற்று உயிரணுவோ அறுந்த கயிற்றுடனேயே பிரியப் பார்க்கிறது. பிரியும்போது சிக்கி மடிகிறது. ஆகவே ஒவ்வோர் இடைவெளியிலும் நல்ல திசு சிறிது கூடுதலாக மீள்கிறது. கட்டி சிறிது குறைவாக மீள்கிறது. ஒரு நாளில் இந்த வேறுபாடு மிகச் சிறியது. முப்பத்தைந்து நாள்களில் அது பெருகி, நோய் தீர்வதற்கும் உறுப்பு பிழைப்பதற்கும் இடம் தருகிறது.

பாரிஸின் ஆட்டுக்கடாக்கள்

இவ்வளவும் தெரியாத காலத்திலேயே விடையைக் கண்டவர்கள் இருந்தார்கள். ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த அடுத்த ஆண்டே மருத்துவர்கள் அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். 1910-களிலும் 1920-களிலும் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், கட்டியை ஒரே தடவையில் பேரளவுக் கதிரால் தாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். பிரித்துக் கொடுத்தால் கட்டி இடையில் தேறிக்கொள்ளும் என்பது அத்தரப்பின் அச்சம். மேலே கேட்ட 'பழகிப் போய்விடாதா' என்னும் கேள்வியின் மறுவடிவம்தான் இது. அச்சம் தருக்கத்துக்கு உகந்ததே. ஆனால் ஒரே தடவையில் கொடுத்தபோது கட்டியோடு சேர்ந்து தோலும் அதன் அடியிலுள்ள திசுக்களும் அழுகிப்போயின.

பாரிஸில் ரேடியம் நிறுவனத்தில் இருந்த கிளாடியஸ் ரெகோ வேறு வழியில் சிந்தித்தார். புற்றுக்கட்டியைப் போல இடைவிடாது பிரிந்து பெருகும் நலமான திசு எது? விந்தகம். அதைச் சுற்றியுள்ள தோலை நலமான திசுவின் பிரதிநிதியாக வைத்துக்கொண்டு, ஆட்டுக்கடாக்களில் அவர் சோதித்தார். ஒரே தடவையில் கதிரைக் கொடுத்து விந்து உற்பத்தியை முற்றாக நிறுத்த முயன்றால் தோல் கடுமையாகப் புண்ணானது. அதே வேலையைச் சில வாரங்களில் பல தவணைகளாகச் செய்தபோது விந்து உற்பத்தி நின்றது, தோலோ தாங்கிக்கொண்டது. கால்நடை வளர்ப்பவர்க்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடிய இந்தச் சோதனைதான், இன்று உலகெங்கும் நாள்தோறும் நடக்கும் சிகிச்சை அட்டவணையின் வேர்.

ரெகோவின் சக மருத்துவர் ஆன்ரி கூத்தார் இதைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் செயல்படுத்தினார். பல வாரங்களுக்கு நாள்தோறும் சிறு சிறு அளவுகளில் எக்ஸ் கதிரைக் கொடுத்தார். அக்காலத்தில் குரல்வளைப் புற்று முற்றிவிட்டால் குரல்வளையையே அகற்றுவதன்றி வேறு வழி அரிது. அவருடைய நோயாளிகள் சிலர் நோய் நீங்கி, குரல்வளையும் சிதையாமல் பிழைத்தனர். 1922இல் பாரிஸில் கூடிய மருத்துவ மாநாட்டில் இம்முடிவுகள் வெளியிடப்பட்டன. கூத்தார் இன்னொன்றையும் கூர்ந்து கவனித்து எழுதி வைத்தார். சிகிச்சை தொடங்கி இரண்டு வாரம் கழிந்த நிலையில் தொண்டைச் சவ்வு புண்ணாகி வெண்படலம் படிகிறது. தோலின் எதிர்வினை அதற்குப் பின்னர் வருகிறது. இரண்டுமே பிறகு ஆறுகின்றன. நூறு ஆண்டுகள் கழித்தும் எங்கள் பிரிவில் இரண்டாம் மூன்றாம் வாரங்களில் நாங்கள் காண்பது அதையேதான்.

பழகிப்போகிறதா?

நேரடியான விடை 1959இல் கிடைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்ட்டிமர் எல்கைண்ட், ஹாரியட் சட்டன் இருவரும் கண்ணாடித் தட்டில் வளர்த்த வெள்ளெலி உயிரணுக்களுக்குக் குறிப்பிட்ட அளவு கதிரை இரண்டாகப் பிரித்து, இடையில் சில மணி நேரம் விட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே தடவையில் கொடுத்ததைவிடப் பல மடங்கு உயிரணுக்கள் பிழைத்திருந்தன. இடைவெளியில் அவை பழுது பார்த்துக்கொண்டன என்பது தெளிவாயிற்று. ஆனால் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் பகுதி அவ்வாய்வின் மறுபாதியில் இருக்கிறது. முதல் தவணையில் பிழைத்த உயிரணுக்கள் இரண்டாம் தவணையைச் சந்தித்தபோது, இதற்கு முன் கதிரையே காணாதவை போல நடந்துகொண்டன. முதல் அடியிலிருந்து அவை பாடம் எதுவும் கற்றிருக்கவில்லை. அதே விகிதத்தில் மடிந்தன.

இதன் பொருளைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஒரு கிராம் எடையுள்ள கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும். ஒவ்வொரு 2 கிரே தவணைக்கும் பாதி மடிவதாகக் கொள்வோம். (கட்டிக்குக் கட்டி இது மாறுபடும், கணக்கின் வசதிக்காகப் பாதி என்கிறோம்.) பத்துத் தவணைகள் முடியும்போது நூறு கோடி, பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். இருபது தவணைகளில் ஆயிரத்துக்கும் குறைவு. முப்பது தவணைகள் முடியும்போது ஒன்று.

இருபதாம் தவணைக்குப் பின் கழுத்துக் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போனதைக் கண்டு, "நன்றாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் தெரியாத அந்தச் சில நூறு உயிரணுக்களுக்காகத்தான் எஞ்சிய தவணைகள். எங்கள் அனுபவத்தில் தொடக்கத்தில் சிகிச்சையை மறுப்பவரைவிட, நடுவில் நலமடைந்தவராகத் தம்மைக் கருதி நின்றுவிடுபவரைப் பற்றியே கவலை அதிகம்.

உயிரணுக்கள் கதிருக்குப் பழகுவதே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. 1984இல் கலிபோர்னியாவில் ஷெல்டன் வுல்ஃபின் ஆய்வுக்குழு, மனித இரத்தத்தின் லிம்போசைட் அணுக்களை மிகமிகக் குறைந்த கதிரியக்கத்தில் வைத்திருந்து, பிறகு 1.5 கிரே எக்ஸ் கதிரைக் கொடுத்தது. முன்கூட்டியே சிறிதளவு கதிரைச் சந்தித்த அணுக்களில் குரோமோசோம் சேதம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. சிறு தொல்லை, பழுது பார்க்கும் பணியாளரை முன்கூட்டியே எழுப்பி நிறுத்திவிட்டது போலும். 'தகவமைப்பு எதிர்வினை' என்று இதை அழைக்கிறார்கள். இது சிகிச்சையில் தரப்படுவதைவிட மிகச் சிறிய அளவுகளில் காணப்படுவது. இதை வைத்துக்கொண்டு சிறிதளவு கதிர்வீச்சு உடலுக்கு உரம் என்று எழுதுபவர்களும் உண்டு; அதற்கு இவ்வாய்வு இடம் தரவில்லை.

இதற்கு நேர்மாறான இன்னொரு நடத்தையும் உண்டு. சுமார் 0.3 கிரேக்கும் குறைந்த அளவில், பல வகை உயிரணுக்கள் ஒவ்வோர் அலகுக்கும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மடிகின்றன என்பதைப் பிரையன் மார்பிள்ஸ், மைக்கேல் ஜாய்னர் ஆகியோர் 1990-களில் விரிவாகக் காட்டினர். முறிவுகள் மிகச் சில என்றால் எச்சரிக்கை மணியே சரியாக ஒலிப்பதில்லை. பழுதைக் கவனிக்காமலே உயிரணு பிரிந்து மடிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அளவு அரை கிரேயைத் தாண்டும்போது மணி ஒலித்துப் பழுது பார்ப்பது முழுவீச்சில் தொடங்குகிறது. ஆகவே மிகச் சிறிய அளவு என்றாலே உயிரணுக்கு மென்மையானது என்று பொருளில்லை. "இன்னும் கொஞ்சம் குறைத்து, இன்னும் பல நாள் கொடுங்கள்" என்று கேட்கும் குடும்பத்தாருக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டி மாறுகிறது

தனித்தனி உயிரணு பாடம் கற்காவிட்டாலும், கட்டி என்னும் கூட்டம் சிகிச்சைக் காலத்தில் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அம்மாற்றங்களில் சில நமக்குச் சாதகம். ஒன்று மிகப் பாதகம்.

சாதகமானவற்றுள் முதன்மையானது ஆக்ஸிஜன். எந்த அலகு அவர் பெயரால் வழங்குகிறதோ அந்த லூயிஸ் ஹெரால்ட் கிரே, தாம்லின்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1955இல் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்தார். இரத்தக் குழாயிலிருந்து தொலைவில் உள்ள கட்டியின் உட்பகுதிக்கு ஆக்ஸிஜன் சென்றடைவதில்லை என்பது தெரிந்தது. ஆக்ஸிஜன் அற்ற உயிரணுவைக் கொல்ல, ஆக்ஸிஜன் உள்ளதற்குத் தேவையானதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் வேண்டும். ஒரே தடவையில் கொடுத்தால் வெளிப்புற அணுக்கள் மடியும். உள்ளே மூச்சடங்கிக் கிடப்பவை தப்பிவிடும். தவணைகளாகக் கொடுக்கும்போதோ, வெளிப்புறம் மடிந்து கட்டி தளரத் தளர, உள்ளே இருந்தவற்றுக்கும் ஆக்ஸிஜன் எட்டுகிறது. அடுத்த தவணையில் அவையும் சிக்குகின்றன. சிகிச்சையின்போது புகைபிடிக்கக் கூடாது என்று நாங்கள் கண்டிப்பதற்கு இது ஒரு காரணம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் சுமந்து செல்லும் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடுகிறது. புகையைத் தொடர்பவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தச் சோகையை நாங்கள் அடிக்கடி பரிசோதிப்பதும் இதையொட்டியே.

இன்னொரு சாதகம், உயிரணுக்கள் எல்லாம் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை என்பது. பிரியப்போகும் தறுவாயில் உள்ளவை எளிதில் மடியும், டி.என்.ஏ.வைப் படியெடுத்து முடிக்கும் கட்டத்தில் உள்ளவை தாங்கும். இன்று தாங்கியது நாளை எளிய கட்டத்துக்கு நகர்ந்திருக்கக்கூடும்.

பாதகம் எது என்றால், பெருக்கம். சில வாரங்கள் தாக்குதலுக்கு உள்ளான கட்டியில் எஞ்சிய உயிரணுக்கள் முன்னிலும் விரைவாகப் பிரியத் தொடங்குகின்றன. ராட்னி விதர்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் பதிவுகளைத் திரட்டி 1988இல் வெளியிட்ட கட்டுரை, இந்த வேகம் ஏறத்தாழ நான்காம் வாரத்தை ஒட்டித் தொடங்குவதாகக் கணித்தது. அதன் பிறகு சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் ஈடாகச் சுமார் 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும் என்றும் அது மதிப்பிட்டது. அதாவது ஒரு வாரம் வீணாகப் போனால், கொடுத்த கதிரில் இரண்டு தவணைக்கு மேற்பட்டதைக் கட்டி திரும்பப் பறித்துக்கொள்கிறது.

நாள்களைச் சுருக்கினால் பலன் கூடுமா என்பதை டென்மார்க்கில் பெரிய அளவில் சோதித்தார்கள். மொத்த அளவை மாற்றாமல், வாரத்துக்கு ஐந்து தவணைக்குப் பதில் ஆறு தவணை கொடுத்து ஒரு வாரத்தை மிச்சப்படுத்தினார்கள். தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகள் திரும்பி வராமல் ஐந்தாண்டுகள் அடங்கியிருந்த விகிதம் 60 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. முடிவு 2003இல் வெளியாயிற்று. சர்வதேச அணுசக்தி முகமை ஆசியா, ஆப்பிரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் ஒன்பது மையங்களில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில் அது 30லிருந்து 42 சதவீதமாயிற்று. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை, ஒரு சனிக்கிழமைதான் கூடுதல். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் சென்று, ஒரு வாரம் தங்கித் திரும்பலாமா என்று கேட்பவர்களிடம் நாங்கள் இளகாமல் இருப்பதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது.

காய்ச்சல், பேருந்து வேலைநிறுத்தம், கருவிப் பழுது என்று தவிர்க்க முடியாத தடைகளும் வரும். ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று மனம் உடைய வேண்டாம். அன்றைக்கே எங்களுக்குத் தெரிவியுங்கள். சனிக்கிழமையில் ஒரு தவணை கொடுத்தோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு தவணை கொடுத்தோ பல நேரங்களில் ஈடுசெய்ய முடியும். அந்த ஆறு மணி நேரம் எதற்கு என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.

வாயிலும் தோலிலும்

அதே பெருக்கம் நல்ல திசுவிலும் நடக்கிறது. அங்கே அது வரம். வாயின் உட்சவ்வு ஓயாது தேய்ந்து, அடியிலிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது. கதிர், அடியிலுள்ள வளர் உயிரணுக்களைத் தடுக்கிறது. மேலே உள்ளவை வழக்கம்போல் உதிர்ந்து முடிய இரண்டு வாரம் ஆகும். ஆகவேதான் முதல் வாரம் இட்லியும் சட்னியும் இயல்பாக உண்டவர், மூன்றாம் வாரத்தில் இரசத்தைக்கூட விழுங்க முடியாமல் திணறுகிறார். சிகிச்சை திடீரெனக் கெடுதல் செய்யத் தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. முதல் நாளிலிருந்து நடந்துவந்தது இப்போதுதான் மேற்பரப்புக்கு வந்திருக்கிறது. இதே வேளையில் எஞ்சிய வளர் உயிரணுக்கள் தம் வேகத்தைக் கூட்டிவிட்டன. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலான புண்கள் ஆறிவிடுவது அதனால்தான்.

அந்த வாரங்களைக் கடப்பதற்கு வேண்டியவை எளியவை: உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளிப்பது, காரமும் புளிப்பும் இல்லாத குழைவான உணவு, வலி மருந்தைத் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்வது. நீர்கூட இறங்கவில்லை என்றாலும், காய்ச்சல் கண்டாலும் மறுநாள் தவணைவரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

அன்பின் மிகுதியால் நேரும் ஒரு பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். உறவினர்கள் வைட்டமின் மாத்திரைகளையும் லேகியங்களையும் வாங்கிவந்து கொடுக்கிறார்கள். கதிர்வீச்சு தன் வேலையில் பெரும்பகுதியை, நீரிலிருந்து பிறக்கும் வினைமிக்க துகள்களின் வழியாகவே செய்கிறது. அத்துகள்களை அடக்குவதே ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பிகள் எனப்படும் சத்துகளின் இயல்பு. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளை மிகுந்த அளவில் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்புவது கூடும் போக்கும் தென்பட்டது. மாத்திரை புண்ணைக் காத்ததோடு கட்டியையும் காத்தது போலும். கீரையும் பழமும் தாராளமாக உண்ணுங்கள். மாத்திரையோ லேகியமோ எதுவாயினும் எங்களிடம் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏன் பதினைந்து நாள்?

காத்திருப்புக் கூடத்தில் நோயாளிகள் தவணைகளை ஒப்பிட்டுப் பேசிக்கொள்வது இயல்பு. "அவருக்குப் பதினைந்தாம், எனக்கு மட்டும் ஏன் முப்பத்தைந்து?" தவணைகளின் எண்ணிக்கை நோயின் கடுமைக்கு அளவுகோல் அன்று. எல்லாக் கட்டிகளும் ஒரே போலப் பழுது பார்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோயில் அறுவைக்குப் பின் ஐந்து வாரம் 25 தவணைகளில் 50 கிரே கொடுப்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வொரு தவணையின் அளவையும் சற்றுக் கூட்டி, மூன்று வாரங்களில் 15 தவணைகளாக 40 கிரே கொடுத்தாலே போதும் என்று பிரிட்டனின் ஆய்வுகள் நிறுவின. அங்கேயே 2020இல் வெளியான ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளாக 26 கிரே கொடுத்தாலும் ஐந்தாண்டுகளில் பலன் குறைவதில்லை என்று காட்டியது. மார்பகக் கட்டியும் அதைச் சூழ்ந்த திசுவும் தவணையின் அளவுக்கு ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை காட்டுபவை. மிகப் பல தவணைகளாகப் பிரிப்பதால் அங்கே ஆதாயம் சிறிது. தொண்டைக் கட்டியைச் சுற்றிலும் தண்டுவடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தாடை எலும்பும் இருக்கின்றன. அங்கே அளவைக் கூட்டி நாளைக் குறைத்தால் அதன் விலையைச் சில ஆண்டுகள் கழித்துக் கொடுக்க நேரும். கட்டியை மட்டும் சுற்றி மிகத் துல்லியமாகக் கதிரைக் குவிக்க முடிந்த இடங்களில், நுரையீரலின் சிறு கட்டிகள் போன்றவற்றில், மூன்று முதல் ஐந்து தவணைகளிலேயே முடித்துவிடுவதும் இன்று வழக்கத்தில் வந்துவிட்டது. எர்லாங்கன் மருத்துவர்களின் ஆசை, நூற்றாண்டு கழித்துச் சில இடங்களில் மட்டும் நிறைவேறியிருக்கிறது.

கடைசித் தவணை முடிந்த மறுநாளே "ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்கத் தோன்றும். கதிர் பட்ட புற்று உயிரணு அப்போதே கரைந்து மறைவதில்லை. பிரிய முயலும்போதுதான் மடிகிறது. சில, இரண்டு மூன்று முறை பிரிந்த பிறகே மடிகின்றன. மெதுவாகப் பிரியும் கட்டி, சிகிச்சை முடிந்தும் பல வாரங்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள திசுவின் வீக்கமும் அதுவரை வடிந்திருக்காது. அவசரப்பட்டு எடுத்த ஸ்கேனில், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் எஞ்சிய நோயும் ஒன்றுபோலவே ஒளிரும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பெட் ஸ்கேன் எடுக்க நாங்கள் பன்னிரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுப்பது இதனால்தான். அதற்கு முன்னரே, புண் ஆறுவதையும் எடை கூடுவதையும் பார்ப்பதற்காக மருத்துவரைச் சந்திக்க வேண்டிய நாள்கள் உங்கள் சிகிச்சை அட்டையின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.